கோயிலடி மலசலகூடத்தின் திறப்பு

எங்கள் கண்டலடிக்குப் புதிதாக யாராவது வந்தால் முதலில் மாரியம்மன் கோயிலைக் காட்டுவார்கள், பிறகு மலசலகூடத்தைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே காணிக்குள் நிற்பதால் காட்டுகிறவர்களுக்கும் அலைச்சல் இல்லை. நீலக் கதவுகள், உட்பக்கம் கொளுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் குழாயும் வாளியும், முகப்பில் காசு கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் வெட்டிய கறுப்புக் கல். வந்தவர்கள் தலையாட்டிப் பாராட்டிவிட்டு, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போவார்கள். கிளிவெட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானும், பரவாயில்லை, நல்ல இடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறேன் என்று நினைத்தேன். எனக்குச் சுகமில்லாத நாள் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது.

கண்டலடி என்பது துறைமுகத்தின் உள்வாயை ஒட்டிய ஒடுங்கிய கரைத்துண்டு. ஒரு பக்கம் சாமான் களஞ்சியம் ஒன்றின் உயர்ந்த மதில், அதற்கு மேல் முட்கம்பி. மறுபக்கம் கண்டல் பற்றையும் சேற்றுத் தண்ணீரும். நடுவில் தகரமும் பலகையுமாக எங்கள் வீடுகள். வீட்டோடு ஒரு குழி வெட்டலாம் என்றால், மண்வெட்டி கொஞ்சம் இறங்கமுன்னமே உப்புத்தண்ணீர் ஊறிவிடும். மேடான நிலம் என்று இருப்பது றோட்டு முனையில் கோயில் நிற்கிற துண்டு மட்டும்தான். மலசலகூடம் கோயிலுக்குப் பின்னால். அங்கே போவதற்கு ஒரே வழி, அது அம்மனின் வாசலுக்கு நேர் முன்னால் போகிறது. மாதத் துடக்கு உள்ள பெண் அம்மன் வாசலைக் கடக்கக் கூடாது. ஆகவே ஒரு பெண்ணுக்குக் கதவும் தண்ணீரும் எந்த நாட்களில் மிகவும் தேவையோ, சரியாக அந்த நாட்களில் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு கண்டலுக்குள் இறங்க வேண்டும்.

இந்தப் புத்திசாலித்தனம் எப்படி நடந்தது என்று பக்கத்து வீட்டு லோஜினியிடம் கேட்டேன். நான் வருவதற்கு முந்திய கதை அது. இங்கே இருப்பவர்களில் அரைவாசிப்பேர் சம்பூரிலிருந்து எறிகணைக்கு ஓடிவந்து, பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் தங்கியவர்கள். மற்றவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு ஊர். எல்லாமே அரச காணி, ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. நிறுவனத்துக்காரர் உறுதியுள்ள காணியில்தான் கட்டுவோம் என்று நின்றிருக்கிறார்கள். உறுதி இருந்தது கோயிலுக்கு மட்டும். கோயிலுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் தலைவரான ஞானசேகரம் பெரிய மனதோடு பின்காணியைக் கொடுத்தார். கூட்டம் கூட்டி, பெண்களை முன்வரிசைக் கதிரைகளில் இருத்தி, அக்காமார் ஏதும் சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனடி ஒருத்தியும் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"என்னெண்டு திறக்கிறது மலரக்கா?" என்றாள் லோஜினி. "அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால எழும்பி நிண்டு, எங்களுக்கு ரத்தம் போற நாளில இந்த வழியால வர ஏலாது எண்டு சொல்லுறதோ? ஞானசேகரமண்ணை மயங்கி விழுந்திருப்பார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போது லோஜினிக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அவள் மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவள். விடியச் சந்தைக்குப் போனால் மத்தியானம் தாண்டும்வரை பலகைக்கு முன்னால் நின்றபடிதான். ஒரு பாரை மீனை அவள் துண்டு போடுவதைப் பார்க்க வேண்டும், கத்தி தானாகப் போகும். புருசன் சசிகரன் புல்மோட்டைப் பக்கம் படகுக்குப் போகிறவன், வீட்டில் தங்குவது குறைவு. நல்லவன்தான். வந்தால் கறி வாங்குவான், மகளைக் கோணேசர் மலைக்குக் கூட்டிப் போவான், பிறகு போய்விடுவான். மகள் ஒருத்திதான், யதுர்சிகா. எங்களுக்கு யது.

லோஜினிக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. மற்றப் பெண்களைவிடக் கூடுதலாகப் போகும், கூடுதல் நாளும் போகும், அது தன் உடம்பு வாகு என்று நினைத்திருந்தாள். துணிக்கு மேல் துணி வைத்துக் கட்டிக்கொண்டு சந்தையில் நிற்பாள். அங்கேயும் பெண்களுக்கென்று இருந்த அறைக்குக் கதவு இல்லை. அதனால் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். உதடு வெடித்துக் கிடக்கும். "குடிச்சா போகவேணும், போகாட்டி நோகும், குடிக்காமலே இருந்திட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

துணி கழுவுவது அடுத்த பாடு. இந்தத் துணியை ஆண்கள் கண்ணில் படும்படி வெயிலில் போடக் கூடாது. கொடியில் சேலை ஒன்றை விரித்து, அதற்குக் கீழே மறைத்துப் போட வேண்டும். கோடையில் எப்படியோ காயும். மாரியில் காயாது. ஈரத்தோடு எடுத்து ஈரத்தோடு கட்டுவோம். கடையில் விற்கிற பாட் வாங்கலாம் என்றால் அது விலை ஏறிக் கைக்கெட்டாமல் போய்விட்டது. கைக்கெட்டினாலும் அதை எங்கே போடுவது? எரித்தால் கர்ப்பப்பை வெந்துபோகும் என்று பயம். குப்பைப் பையில் போட்டால் மான்கள் விடாது. திருகோணமலை மான்களைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு அழகு, எங்களுக்கு அவை குப்பை கிளறிகள். ஒருமுறை ஒரு கொம்பன் அப்படி ஒரு பையை இழுத்துக்கொண்டுபோய் தேத்தண்ணீர்க் கடை வாசலில் வைத்துக் கிழித்தது. அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அந்தப் பை யாருடையது என்று நாங்கள் இன்றுவரை ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

கண்டலுக்குள் போவதற்கும் ஒரு முறை இருந்தது. தனியாகப் போவதில்லை. ஒருத்தி உள்ளே இறங்க, மற்றவள் தண்ணீர்ப் பக்கமாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மழைக்கும் குடை, வெயிலுக்கும் குடை, கண்ணுக்கும் குடை. லோஜினியும் நானும் அப்படித்தான் பழகினோம். ஒருநாள் காலை நான் உள்ளே இருக்கும்போது லோஜினி கூக்குரல் போட்டாள். ஒரு ஃபைபர் படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் மிதந்து வந்திருக்கிறது. அதில் இருந்தவன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தானாம். கத்தியதும் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அதில் என்ன படம் விழுந்தது, யார் யார் பார்த்தார்கள், எனக்குத் தெரியாது. எவனாவது தெருவில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் நான் இப்போதும் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு லோஜினி சொன்னாள்: "நாங்கள் போறது சரி மலரக்கா. எங்கட காலம் இப்படிப் போச்சுது. என்ர பிள்ளை இந்தப் பற்றைக்குள்ள கால் வைக்கக் கூடாது. நான் செத்தாலும் வைக்கக் கூடாது."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதையே வாழ்க்கையின் வேலையாக எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் தையல்காரி. ஊர்ப் பெண்பிள்ளைகளின் அளவெல்லாம் என் கையில்தான். ஒருநாள் லோஜினி இரண்டு துணித் துண்டோடு வந்தாள்.

"யதுவுக்குச் சட்டை தைக்கவேணும். நெஞ்சுப் பக்கம் லூசா விடுங்கோ. இடுப்பில பிடிப்பு வேண்டாம்."

"வளர்ற பிள்ளைக்குச் சாக்குத் தைக்கிறதோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அவள் எழுந்துபோய் என் வீட்டுக் கதவைச் சாத்தினாள். "பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கும் பின்பக்கம் உள்ளுக்கு இன்னொரு துணி வைச்சுத் தாங்கோ."

தையல்காரிக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. "எப்ப?" என்றேன்.

"போன கிழமை."

"சசிக்குச் சொன்னியோ?"

"அவருக்குச் சொன்னால் அடுத்த நாளே பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டிடுவார். உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

அவளுடைய திட்டம் அதுதான். மகள் பெரியபிள்ளையானது ஊருக்குத் தெரிந்தால் அன்றிலிருந்து அந்த வழி அவளுக்கு மாதாமாதம் அடைபடும். தெரியாவிட்டால் அவள் சின்னப்பிள்ளை. சின்னப்பிள்ளைக்கு ஏது துடக்கு? எந்த நாளும் ஞானசேகரம் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிற மலசலகூடத் திறப்பை எடுத்துக்கொண்டு, அம்மனுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போய், கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டு வரலாம். உலகத்தில் எந்தத் தாயாவது மகளுடைய சாமத்தியச் சடங்கை ஒளிப்பாளா? வசதியில்லாதவர்கள்கூட வட்டிக்கு வாங்கி ஊரைக் கூட்டிச் செய்கிற காரியம் அது. லோஜினி ஒளித்தாள்.

"எவ்வளவு நாளைக்கடி ஒளிப்பாய்?"

"ஏலுமான வரைக்கும்."

தண்ணீர் வார்க்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வீட்டுக்குள்ளேயே, ஒரு பேசினுக்குள் யதுவை நிறுத்தி, மஞ்சளும் அறுகம்புல்லும் போட்ட தண்ணீரைத் தானே வார்த்தாள். கதவுக்கு வெளியே காவலுக்கு நான் நின்றேன். உள்ளே தாயும் மகளும் அடக்கமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. நான் தாய்மாமன் முறைக்கோ அத்தை முறைக்கோ ஒன்றும் இல்லாதவள், ஒரு சோடி வளையல் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட முடியாது என்பதால் அலுமாரிக்குள் வைத்தார்கள்.

திட்டம் ஓடியது. யது இரட்டைப் பின்னலோடு, நான் தைத்த சாக்குச் சட்டையோடு, சின்னப் பிள்ளைகளுடன் கிளித்தட்டு விளையாடினாள். லோஜினி மகளுக்கு மட்டும் பாட் வாங்கினாள். துணி என்றால் கழுவிக் காயப்போட வேண்டும், காயப்போட்டால் பிடிபட்டுவிடும். அதற்காகச் சந்தையில் மற்றவர்கள் விட்டுப்போன மீனையும் வெட்டினாள். பாவித்ததைப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரும்படி மகளுக்குச் சொல்லிவைத்தாள். அதைத் தன் கத்திப் பைக்குள் ஒளித்துச் சந்தைக்குக் கொண்டுபோய், மீன் குடலோடு சேர்த்து எறிந்துவிடுவாள். "இன்னும் இல்லையோ?" என்று பெண்கள் கேட்டால், "எலும்பும் தோலுமாத் திரியிறாள், எங்கை வாறது" என்பாள்.

பிறகு கோயில் சடங்கு வந்தது. எங்கள் அம்மனுக்குச் சடங்கில் கன்னிமார் வைப்பது வழக்கம். இன்னும் பெரியபிள்ளையாகாத பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, குளிக்க வார்த்து, புதுச்சட்டை போட்டு, அம்மனுக்கு முன்னால் வரிசையாக இருத்தி, அவர்களை அம்மனாகவே நினைத்துப் படைப்பார்கள். ஞானசேகரத்தின் வாயால் முதலில் வந்த பெயர் யதுவின் பெயர். வேண்டாம் என்று லோஜினி என்ன காரணம் சொல்வது? காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் அம்மன் மடியில் மாறும் என்றார்கள்.

அன்றைக்கு யதுவுக்குத் துடக்கு நாள் இல்லை. ஆனாலும் அவள் கன்னி வரிசையில் இருக்கத் தகுந்தவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஞானசேகரம் குனிந்து அந்தப் பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள். "அம்மா, அம்மனுக்குத் தெரியும்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "அம்மன் ஒண்டும் நினைக்க மாட்டா" என்றாள் லோஜினி. பிள்ளைக்கு அது போதவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு பிழை செய்திருக்கிறாள். இரத்தம் பட்ட பையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அம்மன் வாசலைக் கடக்க அவளுக்குப் பயம். தன் உடம்பில் இருப்பதை மறைக்கலாம், கையில் இருப்பதை அம்மன் எப்படியும் காண்பா என்று நினைத்திருக்கிறாள். ஆகவே பாவித்ததை மலக்குழிக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றித் தள்ளினாள். வீட்டிலே ஒவ்வொரு முறையும் வெறும் பையைச் சுருட்டித் தாயிடம் கொடுத்தாள். தாயும் அவிழ்த்துப் பார்க்காமல் கொண்டுபோய் எறிந்தாள்.

மாரி பிடித்ததும் மலசலகூடம் நிரம்பி நின்றது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. குழி உறிஞ்சுகிற பவுசர் வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது, எங்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? குழாயில் ஏதோ அடைத்து இயந்திரம் திணறியது. வந்த தொழிலாளி ஒருவர் கொக்கித் தடியை விட்டு இழுத்தார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. அவர் பாவம், தன் வேலையைத்தான் செய்தார், எடுத்ததை எல்லாம் குழி ஓரத்தில், கோயில் மண்ணில், போட்டுக்கொண்டே போனார். ஆண்கள் இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. ஞானசேகரம் பார்த்தார், பூசை செய்கிற பாக்கியரத்தினம் ஐயா பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். துடக்குக்காரி ஒருத்தி அம்மன் வாசலைத் தாண்டி வந்துபோயிருக்கிறாள், அதுவும் பல முறை.

யது என் பக்கத்தில்தான் நின்றாள். என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் என் தோலுக்குள் இறங்கியது.

அந்த மாதம் கடலில் மீன் பட்டது குறைவு. இரண்டு வீட்டில் அம்மாள் வருத்தம் வந்து பிள்ளைகள் கொப்புளத்தோடு வேப்பிலையில் கிடந்தார்கள். ஊருக்கு இவ்வளவும் போதாதா? பின்னேரமே கூட்டம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று அம்மனுக்குச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது. பெரியபிள்ளையாகாதவர்கள் செய்யத் தேவையில்லை என்று ஞானசேகரம் சொன்னார். யதுவைப் பார்த்து, "நீ அங்கால போய் விளையாடு பிள்ளை" என்றும் சொன்னார்.

யது போகவில்லை. அவளுடைய வாய் திறப்பதை நான் கண்டேன். லோஜினியும் கண்டாள்.

முதலாவது பெண் கற்பூரத்துக்குக் கிட்டப் போகமுன் லோஜினி முன்னுக்குப் போனாள். "ஒருத்தரும் சத்தியம் பண்ணத் தேவையில்லை. நான்தான் போனனான்" என்றாள். "எனக்குக் கூடுதலாப் போறது. கண்டலுக்குள்ள ஏலாமல் கிடந்தது. அதுதான் போனனான்." சொல்லிவிட்டு எரிகிற கற்பூரத்தில் கையை அடித்தாள்.

இந்த ஊரில் முதல்முறையாக ஒரு பெண் அத்தனை ஆண்களுக்கு முன்னால் அந்தச் சொற்களைச் சொன்னாள். மலசலகூடம் கட்டமுன் நடந்த கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது குற்றமாகச் சொன்னாள்.

ஒருவரும் அவளை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஞானசேகரம் கெட்ட மனுசனில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவன் என்றால் மண்ணள்ளித் தூற்றிவிட்டுப் போகலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: "உங்கட வருத்தம் எங்களுக்கு விளங்குது பிள்ளை. ஆனால் இது அம்மன்ர வாசல். இனி நீங்கள் எந்த நாளிலயும் இதால வரவேண்டாம். யது சின்னப்பிள்ளை, அவள் ஒரு பாவமும் அறியாள். அவள் வந்து போகட்டும்."

லோஜினி தலையாட்டினாள். அன்றிரவு கை கொப்புளித்துக் கிடந்தது. நான் மருந்து பூசும்போது, "பாத்தீங்களே மலரக்கா, அவளை வரச் சொல்லிட்டினம்" என்றாள். அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது. ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது எனக்கு. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

சசிகரன் வந்து கேள்விப்பட்டு, அன்றைக்கே படகுக்குத் திரும்பிப் போனான். கறி வாங்கவில்லை.

எல்லா நாளும், எல்லாவற்றுக்கும், லோஜினி கண்டலுக்குள் இறங்கினாள். அந்த மாரி எங்களுக்குத் தெரிந்த மாரிகளில் பொல்லாதது. தண்ணீர் பற்றைக்குள் ஏறி நின்றது. முழங்கால் தண்ணீரில் நின்று துணி மாற்றுவாள். மாற்றுகிற துணியும் ஈரம். தொடை இரண்டும் புண். ஆஸ்பத்திரிக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். சந்தைக்கு ஒருநாள் போகாவிட்டால் பலகையை இன்னொருத்தி பிடித்துவிடுவாள் என்றாள். கடைசியில் அந்தப் பலகைக்கு முன்னாலேயே விழுந்தாள். மீன் இரத்தம் எது, அவளுடைய இரத்தம் எது என்று தெரியாமல் கிடந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல், கிருமி, உடம்பில் இரத்தமில்லை, கட்டி பெரிதாகிவிட்டது என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவாள் என்றார்கள். எடுத்தார்கள்.

ஊருக்கு அந்த டொக்டரின் கதை தேவைப்படவில்லை. "எதால அசுத்தம் பண்ணினாளோ அதையே அம்மன் எடுத்திட்டா" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். யது அப்போது அங்கே வாளி வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் கேட்க வேண்டியதைப் பிள்ளை கேட்டுவிட்டாள்.

லோஜினி வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்தது, யது கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டாள் என்று. துடக்கு நாளில் மட்டும் என்றில்லை, எந்த நாளும். அம்மனுக்கு முன்னால் போக மாட்டாளாம். லோஜினி பாயில் படுத்தபடி கெஞ்சினாள்.

"பிள்ளை, இது கட்டி. ஸ்கானில காட்டினது. கனகாலமா இருந்ததாம். அம்மனுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை."

"அப்ப ஏன் நீங்கள் சத்தியம் பண்ணினாப் பிறகு வந்தது?"

"முதலே இருந்ததெண்டுறன்."

"நான் செய்ததுக்கு நீங்கள் கற்பூரத்தில கை வைச்சீங்கள்." பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. "அம்மன் உங்களிட்ட எடுத்திட்டா. நான் திரும்பப் போனால் அடுத்தது உங்களை முழுசா எடுப்பா. எனக்கு ஏலாது அம்மா."

"மலரக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்று லோஜினி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். டொக்டர் சொன்னதை, ஸ்கான் காட்டியதை, என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். யது மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கண்டலுக்குப் போனாள். அம்மனோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பிள்ளையின் மனதுக்குள் அம்மனைப் பொலிஸ்காரியாக நிறுத்திவைத்த ஊரோடுதான் சண்டை. எதிரே ஒரு ஆள் நின்றால் மல்லுக்கட்டலாம். ஊரை எங்கே போய்ப் பிடிப்பது?

அவள் பற்றைக்குள் போகத் தொடங்கியதும், யது பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று பெண்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள். சடங்கு எப்போது என்று கேட்டார்கள். நான் வாங்கிக் கொடுத்த வளையல் இப்போது யதுவின் கைக்குச் சின்னதாகிவிட்டது.

இதற்குள் ஒருநாள் ஞானசேகரம் லோஜினி வீட்டுக்கு வந்தார். மனைவி கொடுத்துவிட்ட பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார். கதிரையில் இருந்து சுகம் விசாரித்துவிட்டு, தொண்டையைச் செருமி, பொக்கெற்றிலிருந்து ஒரு திறப்பை எடுத்தார். மலசலகூடத்தின் திறப்பு, புதிதாக வெட்டியது.

"சங்கத்தில கதைச்சனாங்கள்" என்றார். "இனி உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லைத்தானே. அம்மனும் மன்னிச்சிருப்பா. உங்கட நிலைமையைப் பாத்து உங்களுக்கெண்டு தனித் திறப்பு ஒண்டு தாறம். எந்த நேரமும் நீங்கள் போய் வரலாம்."

அவர் உண்மையாகவே நல்லது செய்கிற முகத்தோடு இருந்தார். லோஜினி இரண்டு கையாலும் திறப்பை வாங்கினாள்.

"இதை யதுவுக்குக் குடுக்கலாமோ அண்ணை?" என்று கேட்டாள்.

"அவள் இப்ப பெரியபிள்ளையெல்லே" என்றார் ஞானசேகரம். "அந்த நாளில ஏலாது. மற்ற நாளில தாராளமா."

மற்ற நாளிலும் அவள் வர மாட்டாள் என்று லோஜினி சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் மகளைக் காட்டிக்கொடுத்ததாகும். நான் குசினி வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மழை இன்னும் விடவில்லை. யது பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போனால் மறுநாள் போவதில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டாள், உதடு தாயுடையதைப் போல வெடித்திருக்கிறது. இன்று காலை தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடி யன்னலால் பார்த்தேன். யது துணிச் சுருளோடு பற்றைக்குள் இறங்கினாள். லோஜினி வயிற்றுத் தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் குடையை விரித்துத் தண்ணீர்ப் பக்கமாகப் பிடித்தபடி நின்றாள். திறப்பு கறுப்பு நூலில் கழுத்தில் தொங்கியது. அதை அவள் கழற்றுவதில்லை.

ஒரு ஃபைபர் படகின் இரைச்சல் கிட்ட வந்து, சட்டென்று நின்றது. நான் மெசினை விட்டு எழும்பி ஓடினேன்.

"அங்கால போங்கோடா!" என்று லோஜினி கத்தினாள். உரத்துக் கத்தத் தையல் விடவில்லை, குரல் பாதியில் உடைந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்து, அதற்கும் முன்னால் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பற்றைக்குள்ளிருந்து யதுவின் குரல் கேட்டது. "அம்மா, போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கள் பிள்ளை" என்றாள் லோஜினி. "நீ பயப்படாமல் இரு."

படகு போகவில்லை.